அனந்த் கருமஞ்சியின் நஞ்சுக்கொடி ஆய்வு

எஸ். அனந்த் கருமஞ்சி சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்காவில் பணியாற்றிவரும் சிறுநீரக மருத்துவர், இரத்தக்குழாய் உயிரியல் ஆய்வாளர். பாஸ்டன் நகரின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவ மையத்தில் இவரது குழு செய்து 2003இல் வெளியிட்ட ஆய்வு, முன்சூல்வலிப்பு என்னும் கர்ப்பகால நோயைப் பற்றிய புரிதலை மாற்றியமைத்தது. தாயின் இரத்த அழுத்தத்திலும் சிறுநீரகத்திலும் வெளிப்படும் இந்நோய்க்கு, நஞ்சுக்கொடி அளவுக்கு மீறிச் சுரக்கும் ஒரு புரதம் முக்கியக் காரணம் என்பதே அதன் சாரம். இக்கண்டுபிடிப்பு இன்னும் மருந்தாகக் கனியவில்லை. ஆனால் எந்தத் தாய்க்கு ஆபத்து நெருங்குகிறது, எந்தத் தாய் பொறுத்திருக்கலாம் என்று பிரித்தறியும் வழியை அது தந்திருக்கிறது. அதன் முதன்மையான மதிப்பு இந்தப் பிரித்தறிதலில்தான் இருக்கிறது.

நோயும் பழைய புதிரும்

கருவுற்று 20 வாரங்களுக்குப் பின் இரத்த அழுத்தம் 140/90ஐ எட்டுவதும் சிறுநீரில் புரதம் கசிவதும் முன்சூல்வலிப்பின் முதன்மை அடையாளங்கள். கடுமையாகும்போது விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி ஆகியவை தோன்றும். முற்றினால், ஊர் வழக்கில் சன்னி என்று அஞ்சப்படும் பேறுகால வலிப்பு வரும். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் 100 கர்ப்பங்களில் 3 முதல் 8 வரை இந்நோய்க்கு ஆளாகின்றன. ஆண்டுதோறும் ஏறத்தாழ 46,000 தாய்மார் இதனால் உயிரிழக்கின்றனர். நஞ்சுக்கொடி வெளியேறிய பின்னரே நோய் தணியத் தொடங்குகிறது; கரு உருவாகாமல் நஞ்சுக்கொடித் திசு மட்டும் பெருகும் முத்துப்பிள்ளைக் கர்ப்பத்திலும் இது வருகிறது. எனவே நோயின் வேர் குழந்தையில் இல்லை, நஞ்சுக்கொடியில் உள்ளது என்பது முன்பே தெரிந்திருந்தது. கருப்பைச் சுவரின் சுருள் தமனிகள் போதிய அளவு விரியாததால் நஞ்சுக்கொடிக்கு இரத்தம் குறைகிறது என்பதும் அறியப்பட்டிருந்தது. சிறுநீரக வடிமுடிச்சுகளில் இரத்த நுண்குழாய்களின் உள்வரிச் செல்கள் வீங்கி, இரத்தம் செல்லும் வழியையே அடைத்துக்கொள்வதை 1959இல் பென்ஜமின் ஸ்பார்கோ மின்னணு நுண்ணோக்கியில் கண்டு விவரித்தார். கருப்பைக்குள் இருக்கும் உறுப்பு, தொலைவிலுள்ள சிறுநீரகத்தை எவ்வழியில் தாக்குகிறது என்ற கேள்விக்கு மட்டும் தெளிவான விடை இல்லாதிருந்தது.

2003 ஆய்வு

கருமஞ்சியின் குழு, நோயுற்ற தாய்மாரின் நஞ்சுக்கொடியையும் நலமுடன் இருந்த தாய்மாரின் நஞ்சுக்கொடியையும் ஒப்பிட்டு, எந்த மரபணுக்கள் மிகையாக இயங்குகின்றன என்று தேடியது. மிகையாக இயங்கியவற்றுள் எஸ்எஃப்எல்டி-1 என்ற புரதத்துக்குரிய மரபணு தனித்து நின்றது. இரத்தக்குழாய்களின் உள்வரியைப் பேணும் இரு வளர்ச்சிக் காரணிகள் உண்டு: ஒன்று விஇஜிஎஃப், மற்றது நஞ்சுக்கொடி வளர்ச்சிக் காரணியான பிஎல்ஜிஎஃப். எஸ்எஃப்எல்டி-1 இரத்தத்தில் மிதந்தபடி இவ்விரண்டையும் பற்றிக்கொண்டு, அவை செல்களைச் சென்றடையாமல் தடுக்கிறது. நோயுற்ற தாய்மாரின் இரத்தத்தில் இது மிகுந்தும், தடையின்றி உலவும் அவ்விரு காரணிகளும் குறைந்தும் காணப்பட்டன. பிள்ளை பிறந்த பின் எஸ்எஃப்எல்டி-1 சரிந்தது. ஆய்வகத் தட்டில், நோயுற்ற தாயின் இரத்த ஊனீர் படும் செல்கள் குழாய் வடிவம் கொள்ள முடியாமல் நின்றன. குறைந்துபோன காரணிகளைச் சேர்த்ததும் மீண்டும் குழாய்களாக இணைந்தன. இப்புரதத்தை மிகையாகச் சுரக்கச் செய்த எலிகளுக்கு இரத்த அழுத்தம் ஏறியது, சிறுநீரில் புரதம் கசிந்தது, ஸ்பார்கோ கண்ட அதே செல்வீக்கமும் தோன்றியது. கருவுறாத எலிகளிலும் இது நிகழ்ந்தது என்பதைத்தான் இந்த ஆய்வில் அழுத்தமாகக் குறிக்க வேண்டும். கர்ப்பமே இல்லாத உடலிலும் அந்த ஒரு புரதம் நோயின் முக்கியக் கூறுகளை உண்டாக்கியது.

காரணமா, அடையாளமா

நோயால் நைந்த நஞ்சுக்கொடி உதிர்க்கும் விளைபொருளாகவே இப்புரதம் இருக்கலாம், அதைக் காரணம் என்பது மிகை என்ற மறுப்பு எழுந்தது. இதற்கு விடை பல திசைகளிலிருந்து வருகிறது. முதலாவது காலவரிசை. முன்பே சேமிக்கப்பட்டிருந்த இரத்த மாதிரிகளைக் கொண்டு ரிச்சர்ட் லெவினும் கருமஞ்சியும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், நோய் தலைகாட்டுவதற்குச் சுமார் 5 வாரங்களுக்கு முன்பே எஸ்எஃப்எல்டி-1 ஏறத் தொடங்கியது தெரிந்தது. இரண்டாவது, புற்றுநோய்க்காக விஇஜிஎஃப் தடுப்பு மருந்து பெறுவோருக்கும் இரத்த அழுத்தமும் சிறுநீர்ப் புரதமும் பக்கவிளைவாக வருகின்றன. ஆண்களும் இதற்கு விலக்கல்லர். மூன்றாவது, இப்புரதத்தின் மரபணு 13ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அந்தக் குரோமோசோம் மூன்று படிகளாக அமைந்த கருவைச் சுமக்கும் தாய்மாருக்கு முன்சூல்வலிப்பு வரும் வாய்ப்பு கூடுதல். 2017இல் வெளியான பெரிய மரபணு ஆய்வும் கருவின் மரபணுத்தொகுதியில் அதே மரபணுவின் அருகேதான் நோயோடு தொடர்புள்ள மாற்றத்தைக் கண்டது. நான்காவது, குறைமாதத்தில் நோய் கண்ட தாய்மாரின் இரத்தத்தை உடலுக்கு வெளியே வடித்து இப்புரதத்தைக் குறைத்த 2011 முன்னோட்ட ஆய்வில், பலமுறை சிகிச்சை பெற்ற 3 பேருக்குக் கர்ப்பம் 15 முதல் 23 நாள்வரை நீடித்தது. மூவரைக் கொண்டு சிகிச்சை முறை எதையும் நிறுவ முடியாது. ஆயினும் ஒன்றையொன்று சாராத இத்தனை சான்றுகளும் ஒரே இடத்தைச் சுட்டும்போது, வெறும் அடையாளம் என்ற விளக்கம் போதாமல் போகிறது.

கோட்பாட்டின் எல்லை

இதனால் எல்லாப் புதிரும் அவிழ்ந்துவிடவில்லை. சுருள் தமனிகள் சிலருக்கு ஏன் சரியாக விரிவதில்லை என்ற தொடக்கக் கேள்விக்கு இக்கோட்பாடு விடை தருவதில்லை. சங்கிலியின் நடுக்கண்ணியைத்தான் அது காட்டுகிறது. கருமஞ்சியின் குழுவே 2006இல் கரையும் எண்டோகிளின் என்ற மற்றொரு நஞ்சுக்கொடிப் புரதத்தைச் சேர்த்தது. இரண்டும் கூடியபோது எலிகளுக்குக் கல்லீரல் பாதிப்பும் இரத்தச் சிதைவும் உள்ளிட்ட கடும் நோய் வந்தது. நிறைமாதத்தில் நோய் வரும் தாய்மார் சிலருக்கு எஸ்எஃப்எல்டி-1 பெரிதாக ஏறுவதில்லை என்பதும் உண்மை. இதைக் கோட்பாட்டின் தோல்வியாகக் கொள்வோர் உண்டு. ஆனால் ஒரே பெயரின் கீழ் வெவ்வேறு நோய்கள் சேர்க்கப்பட்டிருக்கின்றன என்பதே பொருத்தமான விளக்கம். இரத்த அழுத்தமும் புரதக் கசிவும் பழைய சிறுநீரக நோயாலும் வரக்கூடும். அவ்வாறு வந்து, இப்புரதம் ஏறாதிருக்கும் தாய்மாருக்குக் கடுஞ்சிக்கல்கள் குறைவாகவே நேர்கின்றன.

பயன்பாடும் நம் ஊர்களும்

எஸ்எஃப்எல்டி-1க்கும் பிஎல்ஜிஎஃப்புக்கும் உள்ள விகிதத்தை அளக்கும் இரத்தப் பரிசோதனை இக்கோட்பாட்டிலிருந்து பிறந்தது. 2016இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், விகிதம் 38 அல்லது அதற்குக் கீழ் இருந்த தாய்மாரில் 99.3 விழுக்காட்டினருக்கு அடுத்த 1 வாரத்தில் நோய் வரவில்லை. 38க்கு மேல் இருந்தவர்களில் 4 வாரங்களுக்குள் நோய் கண்டவர்கள் 36.7 விழுக்காட்டினரே. ஆபத்து இல்லை என்று சொல்வதில்தான் சோதனையின் பலம் இருக்கிறது. நோய் வந்தே தீரும் என்று சொல்லும் வல்லமை அதற்கு இல்லை. இரத்த அழுத்தத்தால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட கர்ப்பிணிகளுக்கு இவ்வகைச் சோதனையைப் பயன்படுத்த அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2023 மே மாதத்தில் அனுமதி அளித்தது. அதற்கு அடிப்படையான ஆய்வில் கருமஞ்சிக்கும் பங்குண்டு.

கடலூர் மாவட்டம் விருத்தாசலம் பக்கத்துக் கருவேப்பிலங்குறிச்சி போன்ற ஊர்களுக்கு இச்சோதனை எட்டாத ஆடம்பரம் என்ற எதிர்வாதத்தை எளிதில் தள்ள முடியாது. கிராம சுகாதார செவிலியர் கட்டும் பிபி பட்டை, சிறுநீரில் புரதம் (ஊர் வழக்கில் உப்பு) இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைப்பட்டையின் நிறமாற்றம், வேளைக்கு வரும் 108 வண்டி ஆகியவையே அங்கே உயிர்காப்பவை. 2002இல் வெளியான மேக்பை ஆய்வு, மெக்னீசியம் சல்பேட் ஊசி வலிப்பின் ஆபத்தைப் பாதிக்கும் கீழாகக் குறைப்பதைக் காட்டியது. ஆபத்து மிகுந்த தாய்மாருக்கு முதல் மூன்று மாத இறுதியிலிருந்து தரப்பட்ட ஆஸ்பிரின், குறைமாத முன்சூல்வலிப்பை 4.3 விழுக்காட்டிலிருந்து 1.6 விழுக்காட்டுக்கு இறக்கியதை 2017இல் வெளியான மற்றோர் ஆய்வு நிறுவியது. விலை மலிந்த இவை முதலில் தடையின்றிக் கிடைக்க வேண்டும். ஆனால் பச்சிளம் குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு தொலைவிலிருக்கும் ஊருக்குத்தான், யாரை உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவது, யாரைக் கண்காணிப்பில் வைப்பது என்ற முடிவு மிகக் கடினம். தவறாகப் பொறுத்தால் தாயின் உயிருக்கு ஆபத்து. தேவையின்றி அவசரப்பட்டுப் பிரசவம் செய்தால் குழந்தை குறைமாதத்தில் பிறக்கிறது. இந்த முடிவை ஊகத்திலிருந்து அளவீட்டுக்கு நகர்த்தியதே கருமஞ்சியின் ஆய்வு செய்த பணி. இந்தச் சோதனையை வட்ட அரசு மருத்துவமனைகளுக்குக் கட்டுப்படியாகும் விலையில் கொண்டுசேர்ப்பது இனிப் பொதுச் சுகாதாரத் துறையின் கடமை.