பதினாறாம் நாள் கூத்து

தொண்டைநாட்டில் கூத்து வைப்பதென்றால் அது ஊர்க் காரியம். பங்குனி தொடங்கி ஆடி வரை, திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து என்று நாள்கணக்கில் நடக்கும். கடைசி நாள் காலையில் படுகளம். மண்ணால் செய்து கிடத்திய துரியோதனனின் தொடையைப் பீமன் அடித்துப் பிளந்த பிறகுதான் அம்மன் கூந்தல் முடிப்பாள்; மாலையில் தீமிதி.

சாவுக்கும் கூத்து உண்டு. இறந்தவர் நற்கதி அடைய, கருமாதியன்று விடிய விடிய கர்ண மோட்சம் ஆடுவார்கள்.

எங்கள் குமணன்சாவடியில், அம்பத்தூர் எஸ்டேட் வேலையும் டிவியுமாக இருந்த எனக்கு அதெல்லாம் மறந்தே போயிருந்தது. போன வருஷம் பக்கத்துத் தெருப் பெரியவரின் பதினாறாம் நாளுக்கு, செய்யாறு பக்கத்திலிருந்து ஒரு கூத்து ஜமாவைக் கூட்டி வந்தார்கள். மெட்ரோ தூண்களுக்குச் சற்றுத் தள்ளி, காலி மனையில் களரி. இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொள்ள, மேலே கிரீடத்தின் நுனி, கீழே சலங்கைக் கால்கள். முகவீணை கீச்சிட, உள்ளிருந்தபடியே கர்ணன் பாடுகிறான். யாரப்பா நீ என்று கட்டியக்காரன் கேட்க, திரை விலகுகிறது. புஜத்தில் கட்டிய மரக்கட்டைகளில் பதித்த கண்ணாடிச் சில்லுகள் எல்லாம் ஒரே நேரத்தில் மின்னின. நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

மனைவி பொன்னுருவியிடம் கர்ணன் விடைபெறும் இடத்தில் பெண்கள் அழுதார்கள். பொன்னுருவியாக ஆடியவர் ஐம்பதைத் தாண்டிய ஆண். குலத்தைச் சொல்லி இகழ்ந்த அதே குரல் உடைந்து கெஞ்சியபோது, அந்த வீட்டு அம்மாவும் சேர்ந்து தேம்பினார். எந்தத் திரையரங்கிலும் எனக்கு இது கிடைத்ததில்லை.

1977இல் கூத்துப்பட்டறை நாடகக் குழுவைத் தொடங்கிய ந. முத்துசாமி, நவீன நாடகத்துக்கு வேர் தேடிக் கூத்துக்குப் பேர்போன புரிசை கிராமத்துக்குப் போனது எதற்கென்று அன்றிரவு புரிந்தது. அவருடைய நடிகர்களுக்குக் கூத்தைக் கற்றுக்கொடுத்தவர் புரிசை கண்ணப்பத் தம்பிரான். அதே புரிசைக்காரர்கள் கொலம்பிய எழுத்தாளர் மார்க்வெஸின் கதையையும் கூத்தாக்கினார்கள். காஞ்சிபுரத்தில் 1990இல் உருவான, கூத்துக் கலைஞர்களின் கட்டைக்கூத்துச் சங்கம், பின்னாளில் குருகுலம் நடத்திப் பெண்பிள்ளைகளையும் ஆடவைத்தது. இதை நான் பெரிய மாற்றமாகவே நினைக்கிறேன்.

விடிந்ததும், அரிதாரம் கலைத்துக்கொண்டிருந்த வாத்தியாரிடம் போய், "அடுத்து எங்கங்க ஐயா?" என்றேன். வந்தவாசிப் பக்கம் ஒரு ஊர்ப் பெயரைச் சொன்னார். அங்கே படுகளம் பார்க்கப் பேரனையும் கூட்டிப் போனேன்.