பெர்முடா ஒப்பந்தமும் ஹீத்ரூவின் பூட்டும்

பெர்முடா என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது மர்ம முக்கோணம். சிலருக்கு அரைக்கால் சட்டை! ஆனால் விமானத் தொழிலில் அந்தப் பெயருக்கு வேறு அர்த்தம். அமெரிக்காவும் பிரிட்டனும், யார் எங்கிருந்து எங்கே விமானம் விடலாம் என்று அந்தத் தீவில் வைத்துப் போட்டுக்கொண்ட இரண்டு ஒப்பந்தங்கள் அவை.

ஒரு நாட்டின் வான்வெளி அந்த நாட்டுக்கே சொந்தம். விமானமும் பயணிகளும் தயாராக இருந்தால் மட்டும் போதாது, இரண்டு அரசாங்கங்களும் சம்மதிக்க வேண்டும். பஸ்ஸுக்கு ரூட் பர்மிட் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

முதல் ஒப்பந்தம் 1946 பிப்ரவரியில் கையெழுத்தானது. எத்தனை விமானம் விடுவது என்பதைப் பெரும்பாலும் கம்பெனிகளிடமே விட்டுவிட்டார்கள். முப்பது வருடம் ஓடியது. அமெரிக்கக் கம்பெனிகளே பெரும்பங்கு வருமானத்தை அள்ளுகின்றன என்று பிரிட்டனுக்கு வருத்தம். 1976-ல் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்வதாக நோட்டீஸ் கொடுத்தது. 1977 ஜூலையில் பிறந்தது இரண்டாம் பெர்முடா ஒப்பந்தம்.

பூட்டு விழுந்தது இதில்தான். லண்டன் ஹீத்ரூவுக்கு வர அமெரிக்கத் தரப்பில் இரண்டே கம்பெனிகளுக்கு அனுமதி: பான் ஆம், டி.டபிள்யூ.ஏ. மற்றவர்கள் லண்டனின் இன்னொரு விமான நிலையமான கேட்விக்குக்குப் போக வேண்டியதுதான். டல்லாஸ், ஹூஸ்டன் போன்ற நகரங்களிலிருந்து ஹீத்ரூவுக்கு நேரடி விமானமே கிடையாது. பயணிகளின் விருப்பமல்ல, ஒரு காகிதம் தீர்மானித்தது.

கதவு குறுகலானால் உள்ளே நிற்பவனுக்கு மதிப்பு கூடும் அல்லவா? 1991-ல் பான் ஆமும் டி.டபிள்யூ.ஏ.வும் கடனில் தத்தளித்தபோது, அவர்களிடம் நல்ல விலை போனது இந்த உரிமைதான். பான் ஆமின் இடத்தை யுனைடெட் வாங்கியது. டி.டபிள்யூ.ஏ.வின் லண்டன் வழித்தடங்களுக்கு அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கொடுத்த விலை 445 மில்லியன் டாலர்! காமர்ஸ் மாணவனுக்குப் புரியும்படி சொன்னால், கண்ணுக்குத் தெரியாத சொத்து.

அதற்குள் பக்கத்து நாடு வேறு பாதையில் போனது. 1992-ல் நெதர்லாந்து அமெரிக்காவோடு 'திறந்த வானம்' ஒப்பந்தம் போட்டது. இரு நாட்டுக் கம்பெனிகளும் எந்த ஊருக்கும் எத்தனை விமானமும் விடலாம். கே.எல்.எம்.மும் நார்த்வெஸ்ட்டும் கைகோத்து ஒரே கம்பெனி போல அட்லாண்டிக்கைக் கடந்தன. மற்ற ஐரோப்பிய நாடுகளும் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. இப்படி ஒவ்வொரு நாடும் தன் நாட்டுக் கம்பெனிகளுக்கு மட்டும் உரிமை வாங்கிக்கொள்வது சரியல்ல என்று 2002-ல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகு ஐரோப்பிய ஒன்றியமே மொத்தமாகப் பேசி, 2007 ஏப்ரலில் கையெழுத்திட்டது. 2008 மார்ச் 30 அன்று ஹீத்ரூவின் பூட்டு திறந்தது.

திறந்ததும் எல்லோரும் உள்ளே போய்விட்டார்களா? அங்கேதான் விஷயமே இருக்கிறது. ஹீத்ரூவில் இருப்பது இரண்டே ஓடுபாதைகள். விமானம் இறங்கவும் கிளம்பவும் குறித்த நேரம் வேண்டும். அதைத்தான் ஸ்லாட் என்கிறார்கள். காலி ஸ்லாட் ஏது? காண்டினென்டல் நிறுவனம் நான்கு ஜோடி ஸ்லாட்டுகளுக்கு 209 மில்லியன் டாலர் கொடுத்தது. டல்லாஸ், ஹூஸ்டன் விமானங்கள் கேட்விக்கை விட்டு ஹீத்ரூவுக்கு இடம் மாறின. கேட்விக் அமெரிக்க விமானங்களைப் பெருமளவு இழந்தது.

பிரெக்ஸிட்டுக்குப் பின்னும், 2020-ல் செய்துகொண்ட தனி ஒப்பந்தத்தால் வானம் திறந்தே இருக்கிறது. ஆனால் 2021-ல் ஜெட்புளூ ஹீத்ரூவுக்கு வந்தபோது, கொரோனாவால் மற்றவர்கள் பயன்படுத்தாத ஸ்லாட்டுகளே தற்காலிகமாகக் கிடைத்தன. அதிக ஸ்லாட்டுகள் இன்றும் பிரிட்டிஷ் ஏர்வேஸ் கையில்தான்.

1977-ல் காகிதம் தடுத்தது, இன்று தரை தடுக்கிறது. ஒப்பந்தம் மாறினால் உரிமை கிடைக்கும், இடம் கிடைக்காது. போட்டி வந்தால் டிக்கெட் விலை குறையும் என்று பாடத்தில் படிக்கிறோம். சரிதான். ஆனால் போட்டியாளர் வந்து இறங்க இடம் வேண்டுமே!