தபாலில் வந்த நூல்நிலையம்

நூல்நிலையம் என்றவுடன் அலுமாரிகளும் நீண்ட மேசைகளும் நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. கட்டடமோ அலுமாரியோ இன்றி, தபாற்காரரின் பையையே தலைவாயிலாகக் கொண்ட நூல்நிலையங்களும் ஒருகாலத்தில் இருந்தன. அவற்றிலே இருந்தவை ஏடுகளல்ல, கணனி நிரல்கள். 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவிலே தோன்றி, ஏறக்குறைய இருபது ஆண்டுகளில் மறைந்துபோன அவற்றின் கதையையே ஈண்டுக் கூற முற்படுகின்றோம்.

1975ஆம் ஆண்டு ஜனவரியில் ‘பொப்புலர் இலெக்ட்ரோனிக்ஸ்’ என்னும் சஞ்சிகையின் அட்டையிலே ‘அல்டெயர் 8800’ என்ற சிறு கணனி காட்சியளித்தது. வீட்டிலிருந்தே பாகங்களைப் பூட்டி அமைத்துக்கொள்ளத்தக்க அவ்வியந்திரத்தை ஆயிரக்கணக்கானோர் தபால்மூலம் தருவித்தனர். தருவித்த பின்னரன்றோ சங்கடம் விளங்கிற்று! நிரல் இல்லாத கணனி நெல்லில்லாத உரல். ஆகவே, ஒருவரிடம் கிடைத்த நிரலை மற்றவர் பிரதிசெய்தல் வழக்கமாயிற்று. அல்டெயருக்கு ‘பேசிக்’ மொழியைத் தம் நண்பர்களுடன் ஆக்கிய பில் கேற்ஸ், 1976 பெப்ரவரியில் பகிரங்கக் கடிதமொன்று வரைந்து, கணனிப் பிரியர்களிற் பெரும்பாலோர் நிரலைத் திருடுகின்றனரென்று குற்றஞ்சாட்டினார். ஊதியமின்றி யார் நல்ல நிரல் எழுதுவர் என்பது அவர் வினா. அப்போது அவருக்கு வயது 20. அவர் முறைப்பாட்டில் நியாயம் இல்லாமலில்லை. எனினும், ஊதியத்தை எண்ணாமல் எழுதுவோரும் உளர் என்பதை அடுத்துவந்த ஆண்டுகள் காட்டின.

கரி கில்டால் என்பார் ஆக்கிய ‘சீ.பி.எம்.’ என்னும் இயக்கமுறைமை, பல கொம்பனிகளின் கணனிகளுக்கும் பொதுவாய் அமைந்தது. அதனைக் கையாண்டோருக்காக நியூ யோர்க்கை நிலையமாகக் கொண்டு ஒரு பாவனையாளர் சங்கம் எழுந்தது. அன்பர்கள் தாம் எழுதிய நிரல்களை அனுப்புவர்; சங்கத்தார் அவற்றைத் தொகுத்து, எட்டங்குலத் தட்டுகளிற் பதித்து, இலக்கமிட்டுப் பட்டியல் வெளியிடுவர். இலக்கத்தைக் குறித்துச் சிறுதொகை அனுப்பினால் தட்டு தபாலில் வந்துசேரும். இரவல் பெற்ற நூலைத் திருப்பிக் கொடுத்தல் வேண்டும். இங்கோ திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை, பிரதிசெய்து அயலவருக்கும் கொடுக்கலாம். அன்றியும், நிரல்கள் பல மூலவடிவிலேயே வந்தமையால், வாசித்தவர் பிழை கண்டு திருத்தித் திரும்பவும் அனுப்பினர். வாசகர் எழுத்தாளராகிய விந்தை அது.

சிக்காகோவில் ஐ.பி.எம். ஊழியராயிருந்த வோர்ட் கிறிஸ்ரென்சன் 1977இல் ‘மோடெம்’ என்னும் நிரலை எழுதி இந்நூல்நிலையத்துக்கு வழங்கினார். தொலைபேசிக் கம்பிவழியே கோப்புகளை 128 பைற்றுத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டோடும் சரிபார்க்கும் கூட்டுத்தொகையொன்றைச் சேர்த்து அது அனுப்பும். தொகை பொருந்தாவிடின் அத்துண்டு மீண்டும் வரும். 1978 பெப்ரவரி 16ஆந் திகதி, அவரும் ராண்டி சூஸ் என்பவரும் கணனி அறிவித்தற்பலகை ஒன்றையும் திறந்துவைத்தனர். தபால் நூல்நிலையத்தைப் பின்னாளில் வேண்டாததாக்கிய வித்து, தபால் மூலமாகவே வீடுகளுக்குச் சென்றது!

ஆயினும் தபால் உடனே தோற்றுவிடவில்லை. அக்காலத்து மோடெம் செக்கனுக்கு ஏறக்குறைய 30 எழுத்துகளையே அனுப்பவல்லது. 240 கிலோபைற்று அளவுள்ள ஒரு தட்டினை அவ்வாறு பெற இரண்டு மணித்தியாலத்திற்கு மேலாகும். தொலைதூர அழைப்புக் கட்டணத்தை நோக்கின் தபால் முத்திரை மலிவு.

1982இல் கேற்ஸின் வினாவுக்கு வேறொரு விடையும் பிறந்தது. தேவாலயச் சபையாரின் முகவரிச் சீட்டுகளை அச்சிடுவதற்கென ஜிம் நொப் எழுதத் தொடங்கிய நிரல், ‘பி.சி.-பைல்’ ஆக வளர்ந்தது. பிரதிசெய்து கொடுங்கள், பிடித்திருந்தால் 10 டொலர் அனுப்புங்கள் என்பதே அவர் வேண்டுகோள். காசோலைகள் வந்தன, ஈற்றில் அவர் தம் உத்தியோகத்தையே விட்டார். அதே ஆண்டில் கலிபோர்ணியாவில் றிச்சர்ட் பீற்றர்சன் தொடங்கிய ‘பி.சி.-சிக்’, இத்தகைய நிரல்களைத் தட்டொன்று 6 டொலராக விற்றது. அதன் அச்சிட்ட பட்டியல் ஒரு தடித்த புத்தகம். அதனைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, எத்தட்டைத் தருவிப்பது என்று கைப்பணத்தை எண்ணி எண்ணித் தெரிவதிலே கிடைத்த சுகம், எல்லாம் இலவசமாய்க் கிடைக்கும் இக்காலத்தவருக்கு வாய்ப்பதரிது.

இத்தொண்டர்களுள் எம் மனத்தை மிகக் கவர்ந்தவர் பிரெட் பிஷ். ‘அமிகா’ கணனிக்குரிய நிரல்களைத் தேடித் தொகுத்து, 1994 வரையில் 1100 தட்டுகளை அவர் வெளியிட்டார். ஒவ்வொன்றும் 880 கிலோபைற்று. அனைத்தும் சேர்ந்தாலும் இன்றைய நகமளவு நினைவட்டையில் ஒரு மூலைக்கே காணும். ஆனால் அவற்றை ஒவ்வொன்றாகத் தெரிந்து, விவரணம் எழுதி, இலக்கமிட்ட உழைப்பை எந்த அட்டையால் அளப்பது? யாரும் பிரதிசெய்யலாமென்றமையால் அவை கடல்கடந்து ஐரோப்பாவிலும் பரவின. ‘பிஷ் தட்டு’ என்பது பொதுப்பெயராயிற்று.

அவர் 2007இல் காலமானார். காந்தத் தட்டுகள் காலப்போக்கிற் பழுதாவன. எனினும் பலர் பிரதிசெய்து வைத்தமையால் அத்தொகுப்பு இன்று இணைய ஆவணகங்களில் வாசிக்கக் கிடைக்கின்றது. பட்டியலைத் திறந்தால், நிரலின் பெயர், அது செய்யும் வேலை, மூலவடிவம் உண்டா இல்லையா என்ற குறிப்பு, ஈற்றில் ஆக்கியோன் பெயர் என்று, தட்டுக்குப் பின் தட்டாக அவர் எழுதிய வரிகள் அங்கே இருக்கின்றன.