தில்லை வனமும் கடாரத்துத் துறையும்

சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாற்றின் முகத்துவாரத்துக்கும் கொள்ளிடத்தின் முகத்துவாரத்துக்கும் இடையே, சுமார் 1,100 ஹெக்டேர் பரப்பில் 51 திட்டுகளாகச் சிதறிக் கிடக்கும் பிச்சாவரத்துக் காட்டுக்கு, சுரபுன்னைக் கிளைகள் தலைக்கு மேல் கவிந்து நிற்கும் உப்பங்கழிகளின் வழியே படகேறித் திட்டுத் திட்டாகச் சுற்றிப் பார்க்க விரும்புகிறவர்கள் நாள்தோறும் வந்த வண்ணம் இருக்கிறார்கள். இந்தக் காட்டின் ஓரத்தில், பால் பட்டால் கண்ணைக் கெடுத்துவிடும் என்று படகோட்டிகள் எச்சரிக்கும் தில்லை மரம் இன்றும் வளர்கிறது. அந்த மரத்தின் பெயரே நடராஜப் பெருமான் வீற்றிருக்கும் ஸ்தலத்துக்குத் தில்லை என்ற ஆதிப் பெயராக வாய்த்தது என்பதை எண்ணும்போது, கோயிலும் கடலும் இப்பிரதேசத்தில் எவ்வளவு நெருங்கியவை என்பது விளங்கும். ஆனால் தீவுப் பிரயாணம் என்றால் அரை நாள் படகுச் சவாரி என்று நாம் நினைக்கத் தொடங்கியது அண்மைக் காலத்தில்தான். இதே கழியிலிருந்து சில மைல் வடக்கே, வெள்ளாறு கடலோடு கலக்கும் பரங்கிப்பேட்டைத் துறையில், நக்கவாரம், அச்சே, கெடா, மலாக்கா என்று தீவும் துறையுமாகத் தொட்டுச் செல்லும் யாத்திரைக்கு ஆண்டுதோறும் ஆயத்தம் செய்த ஒரு சமுதாயம் வாழ்ந்தது. அதன் சரித்திரத்தை நம் பிள்ளைகளுக்கு நாம் போதிய அளவு சொல்லவில்லை என்பதே என் மனத்தை உறுத்துகிறது.

இந்த வழி பரங்கியர் காட்டிய வழியன்று. 1025-ஆம் ஆண்டை ஒட்டி நிகழ்ந்த கடற்படையெடுப்பைச் சொல்லும் ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி, ஸ்ரீவிசயத்தில் தொடங்கிக் கடாரத்தில் முடியும் 13 இடங்களை வரிசைப்படுத்துகிறது. அவற்றுள் மாநக்கவாரம் இன்றைய நிக்கோபார். இலாமுரிதேசம் சுமத்திராவின் வடகோடி. கடாரம் மலாய் நாட்டின் கெடா. வெற்றிப் பெருமிதத்துக்காக எழுதப்பட்ட அந்தப் பட்டியலை, அரசனுக்கு முன்பே அத்துறைகளில் வர்த்தகம் செய்து பழகியவர்கள் அறிந்திருந்த மார்க்கத்தின் குறிப்பாகவும் படிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஒருவரும் முன்னர் போய்வராத தீவுகளுக்கு அத்தனை பெரிய படையைச் செலுத்த எந்த மன்னன் துணிவான்? தில்லைக் கோயிலிலேயே இத்தொடர்புக்கு ஒரு சாட்சி உண்டு. காம்போஜ தேசத்து அரசன் முதலாம் குலோத்துங்கனுக்குக் காணிக்கையாக அளித்த ஒரு கல் அம்பலத்தின் முன் வரிசையில் பதிக்கப்பட்டதாக 1114-ஆம் ஆண்டைச் சேர்ந்த சாஸனம் அங்கே இருக்கிறது.

பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் போர்த்துக்கீசியர் குடியேறி, புதிய துறைமுகம் என்று பொருள்படும்படி போர்ட்டோ நோவோ என்று பெயரிட்ட பரங்கிப்பேட்டை, மகமூது பந்தர் என்ற பெயராலும் வழங்கியது. அடுத்த இரு நூற்றாண்டுகளில் சூலியா என்று பிற தேசத்தார் அழைத்த தமிழ் முஸ்லிம் வர்த்தகர்களால், முக்கியமாக மரக்காயர்களால், அது பிரசித்தி பெற்றது. நெசவாளருக்கு முன்பணம் கொடுத்து, எந்தத் தீவினர் எந்த நிறத்தையும் கரையையும் விரும்புவர் என்றறிந்து, அதற்கேற்ற துணிகளை நெய்வித்துச் சாயமேற்றிக் கட்டுகளாகச் சேர்ப்பதே யாத்திரையின் முதல் அங்கம். மலாக்காவில் விலை போகும் துணி அச்சேயில் தேங்கிப் போகலாம். ஆகவே சென்ற பருவத்தில் போய்வந்த கப்பல் தலைவனாகிய நகுதாவின் வார்த்தைக்குத் தறிக்காரர் வீட்டிலும் மதிப்பு இருந்தது. ஆற்றுமுகத்தில் மணல்மேடு படிந்து பெரிய கப்பல்களுக்கு ஆழம் போதாமையால், அவை கடலில் நங்கூரமிட்டு நிற்க, சரக்குகள் சிறு படகுகளில் அலைகளைத் தாண்டிப் போய் ஏறின.

இவ்வளவுக்கும் மேலாக நின்று ஆணையிட்டது காற்று. தென்மேற்கிலிருந்து வீசும் பருவக்காற்று ஓயுமுன் ஆவணி, புரட்டாசியில் பாய் விரித்தால் கப்பல் கிழக்கே போய்ச் சேரும்; அதன்பின் ஐப்பசி, கார்த்திகையில் இக்கரையில் புயல் மூளுமாதலால், ஒதுங்க இடமற்ற இத்துறைகளில் எந்த மாலுமியும் கப்பலை நிறுத்தி வைக்கத் துணியமாட்டான். வாடை நிலைத்த பின்னர் தை முதல் பங்குனி வரை திரும்பும் காலம். வெள்ளீயம், மிளகு, சாம்பிராணி, பாக்கு, சில சமயம் யானைகளும் அப்போது இக்கரை வந்து இறங்கின. சரக்கு விலைபோகாமல் தாமதித்துப் பருவம் தவறினால், அடுத்த காற்று வரும் வரையில் அயல்தேசத்துத் துறையில் காத்துக் கிடக்க வேண்டியதுதான். அந்தக் காத்திருப்பில் தொழுகைக்குப் பள்ளியும், தங்க விடுதியும், பிறகு மனைவியும் மக்களுமாகப் பலர் அங்கேயே வேரூன்றினர். ஒரு மனிதனின் வாழ்வைக் காற்று இரண்டு கரைகளுக்கும் பங்கிட்டுக் கொடுத்த விந்தையை இன்றைய கால அட்டவணைகளில் வளர்ந்த நாம் சுலபத்தில் உணர முடியாது.

நடுக்கடலில் திசை தெரிந்துகொள்ள மாலுமிகள் கையாண்ட உபாயம் எளிமையானது. ஆனால் ஆழ்ந்த அறிவின் பயன். இராப்பலகை என்னும் சிறு மரத்துண்டின் நடுவில் ஒரு கயிற்றைக் கோத்து, அதில் முடிச்சுகள் இட்டிருப்பார்கள். கயிற்றைப் பல்லில் கடித்துப் பலகையை முன்னே நீட்டி, கீழ் விளிம்பு தொடுவானத்தையும் மேல் விளிம்பு துருவ நட்சத்திரத்தையும் தொடும்படி பிடித்தால், அப்போது பல்லில் அகப்படும் முடிச்சு எந்தத் துறைக்கு உரியதோ அந்தத் துறைக்கு நேர் கிழக்கிலோ மேற்கிலோ கப்பல் இருக்கிறது என்று அர்த்தம். சோழமண்டலக் கரையின் மாலுமிகளிடம் இக்கருவி வழங்கியதை 1850-இல் காங்கிரீவ் என்ற ஆங்கிலேயர் எழுதி வைத்தார். கடலூரும் அந்தமானின் போர்ட் பிளேரும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. ஆகவே, கடலூர் முடிச்சு பல்லில் விழும் உயரத்தில் நட்சத்திரத்தை நிறுத்திக்கொண்டு கிழக்கே ஓடினால் அந்தமான் தென்படும். அதற்குத் தெற்கே பத்தாவது பாகைக் கால்வாயைக் கடந்தால் நக்கவாரம். திரும்பும்போதும் அதே முடிச்சு வரும் வரையில் வடக்கே ஏறி, பின் மேற்கே திருப்பினால் சொந்த ஊர்.

இந்த யாத்திரைகளைக் குலைக்கப் போர்கள் வந்தன. 1781 ஜூலை 1-ஆம் தேதி மைசூர் ஹைதர் அலியின் சேனையும் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டின் சேனையும் பரங்கிப்பேட்டையருகே மோதின. 1783-இல் கடலூரை ஆங்கிலேயர் முற்றுகையிட, அதன் எதிரே சமுத்திரத்தில் பிரெஞ்சுக் கப்பல்களும் ஆங்கிலக் கப்பல்களும் போரிட்டன. போரினால் தறிகள் ஓய்ந்த கிராமங்களிலிருந்து துணி எப்படி வரும்? பின்னர் சீமை ஆலைத் துணி வந்து மிச்சத்தையும் விழுங்க, காற்றைக் கேளாத நீராவிக் கப்பல் பருவங்களின் ஆணையை முடித்துவைத்தது. ஆயினும் 1786-இல் ஆங்கிலேயர் பினாங்கைக் கைக்கொண்டபோது, அருகில் கெடாவில் வாழ்ந்த சூலியாக்கள் உடனே அங்கே வந்து கடை விரித்தார்கள். அங்கே கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் 1801-இல் எழுந்தது. சூலியா தெரு என்ற பெயர் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இன்றும் பலகையில் இருக்கிறது. நம் கரையார் தலைமுறை தலைமுறையாகப் பேசிப் பழகிய அத்துறைகளில் மலாய்க்காரர் கப்பலைக் கப்பல் என்றும், கடையைக் கெடாய் என்றும், பெட்டியைப் பெத்தி என்றும், படுக்கும் கட்டிலைக் காத்தில் என்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.