ராணுவத்தில் பணியாற்றிய முன்னோரின் பதிவுகள்: எங்கே தேடுவது, யாரிடம் கேட்பது?

புதுதில்லி: முதலாம் உலகப் போரில் இந்தியாவிலிருந்து சுமார் 13 லட்சம் பேர் கடல் கடந்து சென்று பணியாற்றினர், அவர்களில் ஏறத்தாழ 74,000 பேர் உயிரிழந்தனர். இரண்டாம் உலகப் போரில் இந்திய ராணுவத்தின் பலம் 25 லட்சமாக உயர்ந்தது. உயிரிழந்தோர் சுமார் 87,000 பேர். நாட்டின் பல்லாயிரம் குடும்பங்களில், "தாத்தா பர்மா போருக்குப் போனவர்" என்பதோ, "கொள்ளுத்தாத்தா பசராவிலிருந்து திரும்பவே இல்லை" என்பதோ வாய்வழிச் செய்தியாக இன்றும் நிலைத்திருக்கிறது. ஆனால் அதை உறுதிசெய்யும் தாள் எங்கே இருக்கிறது என்பது பெரும்பாலோருக்குத் தெரிவதில்லை.

ஒரே இடத்தில் கேட்டு எல்லாவற்றையும் பெறும் வசதி இந்தியாவில் இல்லை. சிப்பாயாகப் பணியாற்றியவரின் பதிவு ஓரிடத்திலும், அதிகாரியின் பதிவு வேறிடத்திலும், போரில் இறந்தவரின் பெயர் மற்றோரிடத்திலும் இருக்கும். எனவே முன்னோர் யார், எந்தக் காலத்தில், எந்தப் படைப்பிரிவில் இருந்தார் என்பதைப் பொறுத்தே தேடலின் பாதை அமையும்.

தொடக்கம் வீட்டுப் பெட்டியிலிருந்து

எந்த அலுவலகத்துக்கு எழுதினாலும் முதலில் கேட்கப்படுவது பணி எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகிய நான்கு விவரங்களே. அவற்றுள் பணி எண் மிக முக்கியமானது. ஒரே பெயரில் நூற்றுக்கணக்கானோர் இருந்த ராணுவத்தில் ஒருவரைத் தனித்து அடையாளம் காட்டுவது அந்த எண்தான்.

இந்த விவரங்கள் பெரும்பாலும் வீட்டிலேயே கிடைக்கும். பணிவிடுவிப்புச் சான்றிதழ், ஓய்வூதிய ஆணை, பழைய பணவிடைத் துண்டு, போர்முனையிலிருந்து வந்த கடித உறை, சீருடையுடன் எடுத்த புகைப்படத்தின் பின்புறம் ஆகியவற்றைக் கவனமாகப் பார்க்க வேண்டும். தோள்பட்டையிலும் தலைப்பாகையிலும் உள்ள சின்னத்தைக் கொண்டே படைப்பிரிவை அறிந்துகொள்ள முடியும்.

பதக்கங்கள் இருந்தால் தேடல் எளிதாகும். முதலாம் உலகப் போர்ப் பதக்கங்களின் விளிம்பிலோ பின்புறத்திலோ பெற்றவரின் எண், பெயர், படைப்பிரிவு ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். அப்போரின் பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் பொதுவாக வெள்ளியால் ஆனது. அதே பதக்கம் வெண்கலத்தில் இருந்தால், அதைப் பெற்றவர் தொழிலாளர் படை போன்ற போரிடாத பிரிவில் இருந்தவர் என ஊகிக்கலாம். இரண்டாம் உலகப் போரின் பர்மா நட்சத்திரம், ஆப்பிரிக்க நட்சத்திரம், இத்தாலி நட்சத்திரம் ஆகியவை அவர் எந்தப் போர்முனையில் இருந்தார் என்பதைக் காட்டும்.

ஊர் நடுவிலோ பழைய அலுவலகச் சுவரிலோ பதிக்கப்பட்ட கல்வெட்டுகளும் உண்டு. 1914 முதல் 1919 வரையிலான போருக்கு இந்த ஊரிலிருந்து எத்தனை பேர் சென்றனர், எத்தனை பேர் உயிர் துறந்தனர் என்ற எண்ணிக்கையை அவை தருகின்றன. பெரும்பாலானவற்றில் பெயர்கள் இல்லை. எனினும் ஊரிலிருந்து ஆட்கள் சென்றதற்கு அவை சான்றாகும்.

படைப்பிரிவின் ஆவண அலுவலகம்

இந்திய ராணுவத்தில் சிப்பாய் முதல் சுபேதார் மேஜர் வரையிலானவர்களின் பணிப்பதிவுகள் தில்லியில் ஒரே இடத்தில் வைக்கப்படுவதில்லை. ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் உரிய ஆவண அலுவலகமே அவற்றைப் பராமரிக்கிறது. படைவீரர்கள் வழக்கில் 'ரெக்கார்ட் ஆபீஸ்' என்று குறிப்பிடுவது இதைத்தான். பெரும்பாலும் இது அந்தப் படைப்பிரிவின் பயிற்சி மையத்துடன் இணைந்திருக்கும்.

மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு நீலகிரி மாவட்டம் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் எனப்படும் மெட்ராஸ் பொறியாளர் படைக்கு பெங்களூரு, மராத்தா காலாட்படைக்கு பெலகாவி, கார்வால் ரைஃபிள்சுக்கு லான்ஸ்டவுன், குமாவோன் ரெஜிமெண்டுக்கு ராணிகேத், ஜாட் ரெஜிமெண்டுக்கு பரேலி, பஞ்சாப் மற்றும் சீக்கிய ரெஜிமெண்டுகளுக்கு ஜார்க்கண்ட் மாநிலம் ராம்கர், ராணுவ மருத்துவப் படைக்கு லக்னோ எனத் தனித்தனி மையங்கள் உள்ளன. கடற்படை மாலுமிகளின் பதிவுகளை மும்பையில் உள்ள மாலுமிகள் பணியகமும், விமானப்படை வீரர்களின் பதிவுகளைப் புதுதில்லி சுப்ரதோ பூங்காவில் உள்ள ஆவண அலுவலகமும் கவனிக்கின்றன.

பழைய பெயருக்கும் இன்றைய பெயருக்கும் உள்ள தொடர்பை அறிந்துகொள்வது இங்கு அவசியம். 1922இல் இந்திய ராணுவம் மறுசீரமைக்கப்பட்டபோது தனித்தனிப் படைகள் ஒன்றிணைக்கப்பட்டு புதிய எண்களைப் பெற்றன. 1897இல் சாராகடியில் போரிட்ட 36வது சீக்கியர் படை, அந்த மறுசீரமைப்பில் 11வது சீக்கிய ரெஜிமெண்டின் 4வது பட்டாலியனாக மாறியது. மெட்ராஸ் படைப்பிரிவின் பட்டாலியன்கள் 1920களில் கலைக்கப்பட்டு, இரண்டாம் உலகப் போரின்போது மீண்டும் உருவாக்கப்பட்டன. ஆகவே முதலாம் உலகப் போர்க் காலத்துப் படையின் பெயரை அப்படியே குறிப்பிட்டுக் கடிதம் எழுதுவதற்கு முன், அதன் இன்றைய வாரிசுப் படை எது என்பதைக் கண்டறிய வேண்டும்.

1947 பிரிவினையும் பதிவுகளைப் பிரித்தது. பலூச் ரெஜிமெண்ட், எல்லைப்புறப் படைகள், 1, 8, 14, 15, 16 ஆகிய எண்களைக் கொண்ட பஞ்சாப் ரெஜிமெண்டுகள் பாகிஸ்தானுக்குச் சென்றன. அவற்றில் பணியாற்றிய இந்தியப் பகுதி வீரர்களின் பழைய பதிவுகளைத் தேடுவோர் அப்போட்டாபாத், மர்தான் ஆகிய ஊர்களில் உள்ள பாகிஸ்தான் ராணுவ மையங்கள் வரை செல்ல வேண்டியிருக்கும். கூர்க்கா ரெஜிமெண்டுகள் பத்தில் நான்கு பிரிட்டனுக்கு ஒதுக்கப்பட்டன.

25 ஆண்டு விதி

பலரது தேடல் முட்டி நிற்பது இங்கேதான். ஓய்வூதியம் இல்லாமல் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டவரின் பணி ஆவணங்களை 25 ஆண்டுகள் மட்டுமே வைத்திருந்து, பின்னர் அழித்துவிடலாம் என்பது ராணுவ விதி. இரண்டாம் உலகப் போருக்காகச் சேர்க்கப்பட்டு, போர் முடிந்ததும் 1946, 1947ஆம் ஆண்டுகளில் வீட்டுக்கு அனுப்பப்பட்ட லட்சக்கணக்கானோர் ஓய்வூதியம் பெறத் தகுதியான காலம் பணியாற்றாதவர்கள். அவர்களது கோப்புகளுக்கான காலக்கெடு 1970களின் தொடக்கத்திலேயே முடிந்துவிட்டது.

எனினும் கோப்பு அழிக்கப்பட்டாலும் எல்லாம் அழிந்துவிட்டதாகப் பொருளில்லை. 'லாங் ரோல்' எனப்படும் பெயர்ப் பதிவேடு ஆவண அலுவலகங்களில் தொடர்ந்து வைக்கப்படுகிறது. சேர்ந்த நாள், விடுவிக்கப்பட்ட நாள், விடுவிப்புக்கான காரணம் போன்ற சில வரிகளே அதில் இருக்கும். ஆனால் அந்தச் சில வரிகளே போதுமான சான்றாக அமைகின்றன. இரண்டாம் உலகப் போரில் பங்கேற்று ஓய்வூதியமின்றித் திரும்பியோருக்கும் அவர்களது கைம்பெண்களுக்கும் சில மாநில அரசுகள் மாதாந்திர உதவித்தொகை வழங்குகின்றன. அத்தகைய உரிமையைக் கோரும் குடும்பத்துக்கு லாங் ரோல் பதிவின் சான்று நகல் வெறும் வரலாற்றுத் தாள் அன்று.

ஆகவே விண்ணப்பத்தில் "பணிப்பதிவு வேண்டும்" என்று மட்டும் எழுதாமல், "பணி ஆவணங்கள் அழிக்கப்பட்டிருப்பின் லாங் ரோல் பதிவின் நகலையும், அழிக்கப்பட்டதற்கான உத்தரவின் நகலையும் வழங்குக" என்று சேர்த்துக் கேட்பது பயன் தரும். ஓய்வூதியம் பெற்றவர் எனில், பிரயாக்ராஜில் உள்ள பாதுகாப்புக் கணக்குகள் முதன்மைக் கட்டுப்பாட்டாளர் (ஓய்வூதியம்) அலுவலகத்தையும், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தையும் அணுகலாம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம்

நேரடியாக எழுதிய கடிதத்துக்குப் பதில் வராவிட்டால், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் இந்தியக் குடிமக்கள் விண்ணப்பிக்கலாம். கட்டணம் 10 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளோருக்குக் கட்டணம் இல்லை. மத்திய அரசின் இணையதளம் வாயிலாகவும் விண்ணப்பிக்க முடியும். 30 நாள்களுக்குள் பதில் அளிக்கப்பட வேண்டும். இல்லையெனில் முதல் மேல்முறையீடு செய்யலாம். விண்ணப்பம் தவறான அலுவலகத்துக்குச் சென்றாலும், உரிய அலுவலகத்துக்கு அதை மாற்றி அனுப்ப வேண்டும் எனச் சட்டம் கூறுகிறது. உறவுமுறையை நிறுவும் சான்றின் நகலை இணைப்பது நல்லது.

போரில் இறந்தவர் எனில்

உயிருடன் திரும்பியவரைவிட, போரில் உயிரிழந்தவரைப் பற்றிய விவரத்தைக் கண்டறிவது எளிது. 1917இல் நிறுவப்பட்ட காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம், இரு உலகப் போர்களிலும் இறந்த சுமார் 17 லட்சம் பேரின் விவரங்களைக் கட்டணமின்றி இணையத்தில் வழங்குகிறது. 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரையிலும், 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரையிலும் இறந்தவர்கள் அதில் அடங்குவர். பெயர், பணி எண், படைப்பிரிவு, இறந்த நாள், நினைவிடம் ஆகியவற்றுடன், பல பதிவுகளில் தந்தையின் பெயரும் ஊரும் இருக்கும்.

பிரான்சில் உள்ள நூவ் ஷாப்பெல் நினைவகத்தில் 4,700க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்கள் உள்ளன. மியான்மரின் ரங்கூன் நினைவகம், சிங்கப்பூர் நினைவகம், கொஹிமா, இம்பால் கல்லறைகள் ஆகியவை இரண்டாம் உலகப் போருக்கானவை. புதுதில்லி இந்தியா கேட் சுவர்களில் 13,000க்கும் மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. சென்னை நந்தம்பாக்கத்தில் உள்ள மதராஸ் போர்க் கல்லறையையும் இந்த ஆணையமே பராமரிக்கிறது.

பட்டியலில் பெயர் இல்லை என்பதால் அவர் போருக்கே செல்லவில்லை என்று முடிவுசெய்யக் கூடாது. ஆசிய, ஆப்பிரிக்க வீரர்கள் குறைந்தது 1,16,000 பேர் பெயர் சொல்லி நினைவுகூரப்படவில்லை அல்லது நினைவுகூரப்படவே இல்லை என ஆணையம் நியமித்த குழு 2021 ஏப்ரலில் ஒப்புக்கொண்டது. அதற்காக ஆணையமும் பிரிட்டன் அரசும் மன்னிப்புக் கோரின. உரிய சான்று வைத்திருக்கும் குடும்பங்கள் விடுபட்ட பெயரைச் சேர்க்கக் கோரி ஆணையத்துக்கு எழுதலாம்.

1947க்குப் பின் நடந்த போர்களில் உயிர்த்தியாகம் செய்தவர்களின் பெயர்கள், 2019 பிப்ரவரி 25இல் திறக்கப்பட்ட புதுதில்லி தேசியப் போர் நினைவகத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. அதன் இணையதளத்தில் பெயரைத் தேடலாம்.

பஞ்சாப் பதிவேடுகள்

முதலாம் உலகப் போருக்கு மிகுதியான வீரர்களை அனுப்பிய பஞ்சாபில், போர் முடிந்ததும் 1919இல் மாகாண அரசு ஊர் ஊராகப் பட்டியல் எடுத்தது. சுமார் 26,000 பக்கங்களில் 3,20,000 பேரின் விவரங்கள் கொண்ட அந்தப் பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தன. பிரிட்டனில் உள்ள பஞ்சாப் மரபுச் சங்கமும் கிரீனிச் பல்கலைக்கழகமும் இணைந்து அவற்றை மின்மயமாக்கி, 2021 நவம்பரில் ஜலந்தர், லூதியானா, சியால்கோட் ஆகிய மூன்று மாவட்டங்களின் பதிவுகளை முதலில் வெளியிட்டன. பணி எண் தெரியாதவர்களும் ஊரின் பெயரைக் கொண்டு தேட முடிவது இதன் சிறப்பு.

ஆசாத் ஹிந்த் ராணுவத்தினர்

1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது போர்க்கைதிகளான இந்திய வீரர்களில் பலர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தனர். போருக்குப் பின் பிரிட்டிஷ் அதிகாரிகள் அவர்களை விசாரித்து வெள்ளை, சாம்பல், கறுப்பு என வகைப்படுத்தினர்; கறுப்புப் பிரிவில் வைக்கப்பட்டோர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். எனவே அவர்களது பழைய படைப்பிரிவின் பதிவேட்டையும் பார்க்க வேண்டும். மலேயாவின் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர்கள் போன்ற குடிமக்களுக்கு இந்திய ராணுவப் பணி எண்ணே இருக்காது.

இவர்களைப் பற்றிய தேடலுக்குப் புதுதில்லி ஜன்பத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகமே முதன்மையான இடம். இந்திய தேசிய ராணுவம் தொடர்பான 990 கோப்புகளைப் பாதுகாப்பு அமைச்சகம் 1997இல் அங்கு ஒப்படைத்தது. காப்பகத்தின் 'அபிலேக் படல்' இணையதளத்தில் பதிவு செய்துகொண்டு கோப்புகளின் பட்டியலைத் தேடலாம்.

லண்டனில் இருப்பதும் இல்லாததும்

இந்தியச் சிப்பாய்களின் பணிக்கோப்புகள் லண்டனில் இருப்பதாகப் பலர் நம்புகின்றனர். அது சரியன்று. பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள இந்திய அலுவலக ஆவணங்களில் அதிகாரிகளின் பணிக்கோப்புகளும், முதலாம் உலகப் போரில் இந்திய வீரர்கள் எழுதிய கடிதங்களிலிருந்து தணிக்கை அதிகாரிகள் எடுத்த பகுதிகளும் உள்ளன. கியூவில் உள்ள பிரிட்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் பதக்கப் பட்டியல்களும் படைகளின் போர் நாட்குறிப்புகளும் கிடைக்கும். தனிநபர் கோப்பு அழிந்துபோன நிலையில், அவர் இருந்த பட்டாலியன் எந்த நாளில் எந்த ஊரில் போரிட்டது என்பதை இந்த நாட்குறிப்புகளே கூறுகின்றன.

பெயரின் எழுத்துக்கூட்டல்

எழுத்தர்கள் காதில் விழுந்தபடி பெயர்களை ஆங்கிலத்தில் எழுதினர். 'முத்துசாமி' என்ற பெயர் ஒரு பட்டியலில் 'முட்டு சாமி' என இரு சொற்களாகவும், மற்றொன்றில் 'மூத்துஸ்வாமி' எனவும் இருக்கக்கூடும். குடும்பப் பெயர் இல்லாத வழக்கத்தால் தந்தையின் பெயர் முன்னும் பின்னும் மாறியிருக்கும். தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி போன்ற ஊர்களைப் பழைய ஆங்கில வடிவிலேயே தேட வேண்டும். பிறந்த ஆண்டையும் அன்றைய பதிவுகளில் தோராயமாகவே கொள்ள வேண்டும்.

அலுவலகக் கோப்புகளுக்கு அழிக்கும் காலக்கெடு உண்டு. வீட்டுப் பெட்டியில் உள்ள தாளைக் காப்பது குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது. பணிவிடுவிப்புச் சான்றையும் பதக்கத்தின் விளிம்பு எழுத்தையும் தெளிவாகப் படமெடுத்து வைப்பதும், போர்க்காலம் பற்றிக் கேட்டறிந்த மூத்தோர் இருக்கும்போதே படையின் பெயரையும் ஊர்ப் பெயர்களையும் எழுதி வாங்குவதும் எந்த விண்ணப்பத்துக்கும் முன்னதாகச் செய்ய வேண்டியவை.