விலைக்கு வாங்கிய நம்பிக்கை: ருஷ்யக் கடன் பத்திரங்களும் பிரெஞ்சு நாளேடுகளும்

மூலதனம் எல்லை கடந்து செல்வதற்கு வட்டி விகிதம் மட்டும் காரணமன்று. கடன் கேட்கும் நாட்டைப் பற்றி மக்கள் நம்பும் செய்தியும் காரணமாகும். அச்செய்தியை எழுதுபவருக்குக் கூலி கொடுப்பவர் யார் என்று கேளாதோர் என்ன விலை கொடுக்க நேரும் என்பதற்குப் பிரான்ஸின் வரலாறு சான்று பகர்கிறது.

1888ஆம் ஆண்டு முதல் ஜார் மன்னரின் அரசு பாரிஸ் சந்தையில் கடன் பத்திரங்களை வெளியிட்டு வந்தது. அவற்றை வாங்கியோருள் மிகப் பலர் சிறுசேமிப்பாளர்கள். அவர்கள் ருஷ்யாவை நேரில் கண்டவரல்லர். நாளேடுகள் வாயிலாகவே அறிந்திருந்தனர். ருஷ்ய நிதியமைச்சின் பாரிஸ் முகவரான ஆர்தர் ரஃபலோவிச், விளம்பரச் செலவு என்ற பெயரில் அந்நாளேடுகளுக்குப் பணம் சென்று சேர வழி செய்தார். பணம் பெற்ற ஏடுகள் சாதகமானவற்றைப் பெரிதாக்கின. பாதகமானவற்றைச் சுருக்கின அல்லது மறைத்தன.

1904-05ஆம் ஆண்டுகளில் ஜப்பானிடம் ருஷ்யா தோற்றது. உள்நாட்டிலும் புரட்சி மூண்டது. உண்மைச் செய்தி மிகவும் தேவைப்பட்ட அவ்வேளையில்தான் ஏடுகளுக்கான கொடையும் பெருகியது. 1906 ஏப்ரலில் 225 கோடி பிராங்க் கடன் திரட்டப்பட்டது. அதில் பாதிக்கு மேல் பிரான்ஸின் பங்கு. டூமா எனும் மக்கள் மன்றம் கூடுமுன்பே கருவூலம் நிரம்பியமையால், ஜார் அம்மன்றத்தின் தயவை நாட வேண்டியிருக்கவில்லை. ஜூலையில் அதனைக் கலைத்தும் விட்டார்.

பழியனைத்தையும் ஏடுகள்மீது சுமத்துவது நீதியாகாது. 1894இல் உறுதியான பிரெஞ்சு-ருஷ்ய நட்புடன்படிக்கையும், வங்கிகளின் தரகு வேட்கையும் இதில் பங்கு வகித்தன. ஆயினும், ஐயுற வேண்டிய வேளையில் மக்களை ஐயுறவிடாமல் செய்தவை ஏடுகளே.

1914இல் பிரான்ஸின் அயல்நாட்டு முதலீட்டில் ஏறத்தாழக் கால்பங்கு ருஷ்யாவில் இருந்தது. 1918 பிப்ரவரியில் சோவியத் அரசு அக்கடன்களைச் செல்லாதவை என அறிவித்தது. சுமார் 15 லட்சம் பேரின் சேமிப்பு காகிதமாயிற்று. 1923 டிசம்பர் முதல் ரஃபலோவிச்சின் கடிதங்களை 'லூமானித்தே' நாளேடு வெளியிட்டபோதுதான் மறைவில் நடந்த கொடுக்கல் வாங்கல் வெளிச்சத்துக்கு வந்தது. 1996-97ஆம் ஆண்டு உடன்பாடுகளின்படி ருஷ்யா தர இசைந்த 40 கோடி டாலர், இழப்பின் சிறு பகுதியே.

செய்தியை ஏற்குமுன் அறிவிப்பாளரை ஆராய்தல் நம் கல்விக்கூடங்களில் பழகிய பாடம். சந்தைச் செய்திக்கும் அப்பாடம் பொருந்தும் என்பதையே இவ்வரலாறு நமக்கு உணர்த்துகிறது.