ஹனாவுக்கு எத்தனை மணிகள்?



மோர்ஸ் குறியீட்டில் பெயர் கோத்த கைச்சரங்கள் இப்போது நிறைய விற்பனைக்கு வருகின்றன. உருண்டை மணி என்றால் புள்ளி. நீள மணி என்றால் கோடு. பெயரைச் சொன்னால் கோத்து அனுப்பிவிடுகிறார்கள். பேத்தி பிறந்த நினைவாக, தோழி வெளிநாடு போகும் நினைவாக என்று வாங்குகிறார்கள். ஜப்பானியப் பெயர்களிலும் இவை கிடைக்கின்றன. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

ஹனா என்ற பெண் பெயரை எடுத்துக்கொள்வோம். ஹனா என்றால் பூ. நம் ஊர் மலர் மாதிரி. அதை ஆங்கிலத்தில் ஹெச், ஏ, என், ஏ என்று எழுதிக் கோக்கிறார்கள். ஹெச்சுக்கு நான்கு புள்ளி. ஏ என்பது புள்ளி, கோடு. என் என்பது கோடு, புள்ளி. மறுபடியும் ஏ. ஆக மொத்தம் பத்து மணி.

ஆனால் ஜப்பானியர் தங்கள் மொழியில் தந்தி அடித்தது இந்த எழுத்துகளில் அல்ல.

மோர்ஸ் 1844-இல் வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்குத் தந்தி அனுப்பிக் காட்டினார். பத்தே ஆண்டில், 1854-இல், அமெரிக்கக் கடற்படைத் தளபதி பெர்ரி ஒரு தந்திக் கருவியை ஜப்பானுக்குப் பரிசாகக் கொண்டுபோனார். யோகோஹாமாவில் ஏறக்குறைய ஒரு மைல் தூரம் கம்பி இழுத்து இயக்கிக் காட்டினார்கள். 1869-இல் தோக்கியோவுக்கும் யோகோஹாமாவுக்கும் இடையே ஜப்பானியரே தந்திக் கம்பி போடத் தொடங்கினார்கள். முதலில் வைத்தது, ஊசி சுழன்று எழுத்தைக் காட்டும் கருவி. மோர்ஸ் அதற்குப் பிறகு வந்தது.

சிக்கல் எழுத்தில்தான். ஆயிரக்கணக்கான சீன எழுத்துகளுக்குக் குறி வைத்து மாளுமா? அதனால் ஒலிக்கு ஓர் எழுத்தாக இருக்கும் கதகானாவை எடுத்துக்கொண்டார்கள். அதற்கு அமைந்த குறியீட்டின் பெயர் வாபுன்.

அதை அமைத்த விதம் வாத்தியார்களுக்குப் பிடிக்கும். ஜப்பானில் 'இரோஹா' என்று ஒரு பழம்பாடல் உண்டு. நிலையாமையைப் பாடுவது. 47 எழுத்துகளும் அதில் ஒவ்வொரு முறை மட்டுமே வரும். பிள்ளைகள் அகரவரிசை படித்ததே அந்தப் பாடலை வைத்துத்தான். அந்த வரிசையை அப்படியே ஐரோப்பிய எழுத்து வரிசையின் மேல் வைத்துவிட்டார்கள். ஏ-யின் குறி 'இ'-க்கு. ஜெர்மானியர் ஏ-க்கு மேல் இரண்டு புள்ளி வைத்து எழுதும் எழுத்தின் குறி 'ரோ'-வுக்கு. பி-யின் குறி 'ஹ'-வுக்கு, சி-யின் குறி 'நி'-க்கு. இப்படியே போகிறது. ஒலிக்குப் பொருத்தம் பார்க்கவே இல்லை. ஐ-யின் இரு புள்ளியை மட்டும் தனியே எடுத்து வைத்தார்கள். ஜப்பானிய எழுத்தில் 'க'-வின் தலையில் இரண்டு சிறு கீறல் போட்டால் அழுத்தி ஒலிக்கும் 'க' ஆகிவிடும். தந்தியில் அந்தக் கீறல்களுக்குப் பதில் அந்த இரு புள்ளி. ஒரே 'க'-வை வைத்துக்கொண்டு இரண்டு ஒலியையும் சமாளிக்கும் நமக்கு இது விளங்கச் சிரமமில்லை.

இப்போது ஹனாவுக்கு வருவோம். வாபுனில் 'ஹ' என்பது கோடு, மூன்று புள்ளி. 'ன' என்பது புள்ளி, கோடு, புள்ளி. ஏழே மணி. பத்து மணிச் சரத்தை ஒரு ஜப்பானியத் தந்திக்காரர் தம் முறைப்படி படித்தால் என்ன வரும் என்று நானே பென்சிலும் தாளுமாக உட்கார்ந்து பார்த்தேன். நு, இ, த, இ. 'நுயிதாய்' என்றால் 'தைக்க விரும்புகிறேன்' என்று பொருள்! பூவின் பெயரைக் கேட்டவருக்குத் தையல்காரி கிடைத்திருக்கிறாள்.

ஏழு மணிச் சரத்திலும் பெயர் முழுதாக வந்துவிடாது. ஹனாவைப் பூ என்ற எழுத்தாலும் எழுதலாம், பொலிவு என்ற பொருளும் தரும் வேறோர் எழுத்தாலும் எழுதலாம். பெற்றோர் யோசித்துத் தேர்ந்தெடுப்பது அந்த எழுத்தைத்தான். கம்பி வழியே போனதோ ஒலி மட்டும்.

அந்த ஒலியை வைத்துக்கொண்டே எத்தனையோ பேர் வாழ்க்கை நடந்திருக்கிறது. நம் ஊரில் 'ஃபாதர் சீரியஸ், ஸ்டார்ட் இம்மீடியட்லி' என்று ஆங்கிலத்தில் வந்த தந்தியை வாத்தியார் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். ஜப்பானில் அதே செய்தி 'சிச்சி கிதோக்கு, சுகு கயெரே' என்று சொந்த மொழியிலேயே வந்தது. பல்கலைக்கழகத் தேர்வு முடிவுக்கு 'சகுரா சகு', அதாவது செர்ரி பூத்தது, என்று வந்தால் தேர்ச்சி. 'சகுரா சிரு', உதிர்ந்தது என்று வந்தால் தோல்வி. 1941-இல் பேர்ல் ஹார்பருக்கு மேலிருந்து அனுப்பிய 'தோரா தோரா தோரா'வும் இந்தக் குறிகளில் போனதுதான்.

வாபுன் இன்னும் அழியவில்லை. ஜப்பானிய அமெச்சூர் வானொலிக்காரர்கள் இன்றும் அதில் பேசிக்கொள்கிறார்கள். தாய்மொழிக்கு மாறுமுன் 'ஹொரே' என்று அடிப்பார்கள், முடிக்கும்போது 'ரதா'. உங்களில் யாருக்காவது ஜப்பானில் ஒரு ஹனாவைத் தெரிந்தால், கோக்கக் கொடுக்கும்போது இப்படி எழுதிக்கொடுங்கள்: நீள மணி ஒன்று, உருண்டை மூன்று, கொஞ்சம் இடைவெளி, பிறகு உருண்டை, நீளம், உருண்டை.